கையுறை கொடுத்தவர்

அத்தியாயம் 9

ஆர்டிஸிடமிருந்து அன்று காலையும் ஒரு மெயில் வந்திருந்தது. தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது. 'இதைப் படித்து உங்கள் கண் கலங்காவிட்டால் உங்களுக்கு இதயமே இல்லை.'

லவோனுக்குக் கண் கலங்கவில்லை. பல்தான் நறநறத்தது.

"அனுப்பிட்டா," என்றாள், ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த கணவனிடம். "உன் தங்கச்சி மறுபடியும் அதே கதையை அனுப்பிட்டா. இந்தத் தடவை கீழே கொடி ஆடுற படம் வேற."

டுவேன் திரும்பிப் பார்க்கவில்லை. "கொடி நல்லா ஆடுதா?"

"டுவேன்!"

"சரி, சரி. காப்பி வேணுமா?"

போன வாரம் முழுக்க இந்த வீட்டில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் அந்தக் கதைதான் காரணம். 1944 டிசம்பர், பெல்ஜியத்தில் ஒரு சிற்றூர், இடுப்பளவு பனி. இடிந்த வீட்டு வாசலில் ஒரு சிறுவன் வெறுங்கையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பக்கம் வந்த அமெரிக்கச் சிப்பாய், தன் அம்மா பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளிக் கையுறையைக் கழற்றி அவன் கையில் மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பனிக்குள் மறைந்துபோகிறார். ஐம்பது வருடம் கழித்து அதே சிப்பாய் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அறுவை செய்ய வந்த டாக்டர் தன் இரண்டு கைகளையும் நீட்டி, 'இவை நீங்கள் கொடுத்த கைகள்' என்கிறார். சிப்பாயின் பெயர் செல்மர், மாநிலம் மினசோட்டா. கடைசி வரி, இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

செல்மர் என்பது லவோனின் மாமனார் பெயர். அதே மினசோட்டாவில், அதே நோர்டால் ஊரில், இவர்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். எண்பத்தைந்து வயது. நெஞ்சு வலி இதுவரை வந்ததில்லை. மூட்டு வலிதான்.

அவருடைய மகள் ஆர்டிஸ் இருப்பது அரிஸோனாவில். மெயிலில் அப்பாவின் பெயரைப் பார்த்த அன்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். "உலகத்துல எத்தனை செல்மர் இருக்க முடியும், லவோன்? அதுவும் மினசோட்டாவுல?" என்று போனில் அழுதாள். அழுத கையோடு ஊரிலிருந்த முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும் போன் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை நினைவு நாள். போரில் இறந்தவர்களுக்காக ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். அங்கே டுவேன் இந்தக் கதையைப் படிப்பது, படித்து முடித்ததும் செல்மரைக் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் எழுப்பி நிறுத்தி எல்லோரும் கை தட்டுவது என்று ஏற்பாடாகிவிட்டது. அதற்காக ஆர்டிஸ் நாளை மத்தியானம் விமானத்தில் வருகிறாள்.

இன்று சனிக்கிழமை.

லவோன் ஊர் வாரப் பத்திரிகையில் இரங்கல் செய்தி எழுதுகிறவள். இறந்தவரைப் பற்றி உறவினர்கள் சொல்வதையெல்லாம் முதலில் எழுதிக்கொள்வாள். பிறகு ஒவ்வொன்றாகப் போன் போட்டுச் சரிபார்ப்பாள். அந்த வேலையில் அவள் கண்ட உண்மை ஒன்று உண்டு. நோர்டாலில் செத்துப்போன ஆண்கள் எல்லோருமே மீன் பிடிப்பதில் கில்லாடிகள், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர்கள். உயிரோடு இருப்பவர்களில்தான் அப்படி யாரையும் அவள் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் கையுறைக் கதையையும் தேடிப் பார்த்தாள். ஒன்றல்ல, நிறையக் கிடைத்தது. ஒன்றில் சிப்பாய் கனடாக்காரர். ஒன்றில் கையுறை கழுத்துத் துணியாகியிருந்தது. ஒன்றில் போரே வேறு, அதற்கு முந்தைய உலகப் போர். டாக்டர் மட்டும் எல்லாவற்றிலும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்புறம் நேற்று மத்தியானம் அவள் தேடியது வெளியில் அல்ல, தன் சொந்த மெயில் பெட்டியில்.

இரண்டு தாள்களை டுவேனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது ஏப்ரல்ல ஆர்டிஸுக்கு வந்து, அவ நமக்கு அனுப்பினது. ஃப்ளோரிடாவுல யாரோ அனுப்பியிருக்காங்க. 'மினசோட்டாவைச் சேர்ந்த செல்மர்'னு இருக்கா?"

"இருக்கு."

"இது பிப்ரவரியில ஆர்டிஸ் எல்லாருக்கும் அனுப்பினது. கதையில பேரே இல்ல, வெறும் 'ஒரு சிப்பாய்'தான். மேல அவளே என்ன எழுதியிருக்கா பாரு."

டுவேன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தான். "'இது எங்க அப்பா செல்மர் மாதிரியே இருக்கு. மினசோட்டாக்காரர். அவரும் இப்படித்தான், ஒண்ணும் பேச மாட்டார்.'" தாளைக் கீழே வைத்தான். மறுபடியும் எடுத்தான். "அப்படின்னா... அவ எழுதினதே அவளுக்குத் திரும்பி வந்திருக்கு?"

"ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு. நடுவுல எவனோ ஒருத்தன் மேல இருந்த வரியை எடுத்துக் கதைக்குள்ள போட்டுட்டான். திரும்பி வந்தப்ப பெத்தவளுக்கே அடையாளம் தெரியல. 'பாத்தியா, அப்பா பேரு!'னு குதிக்கிறா."

டுவேன் சிரித்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"சிரிக்காதே."

"சிரிக்காம என்ன பண்றது?"

"அவகிட்ட சொல்லு. உன் தங்கச்சி."

"அய்யோ, நானா?" அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டான். "நல்ல கதைதானே, லவோன். விட்டுடேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கேள்வியை இந்த வாரத்தில் அவள் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டாள்! சங்கத்துக்காரர் கேட்டார். சர்ச்சில் காப்பி ஊற்றுகிற பெண் கேட்டாள். யாருக்கு என்ன நஷ்டம், யாருக்கு என்ன நஷ்டம்.

"உங்கப்பா போருல எங்க இருந்தார்?"

"அலாஸ்காவுக்கு அந்தாண்ட ஏதோ ஒரு தீவுல. ரொட்டி சுட்டார்." டுவேன் யோசித்தான். "அங்கயும் பனிதான்."

"பனி இருந்தா போதுமா?"

"கதையில முக்கால்வாசி பனிதானே."

ஆர்டிஸிடம் அந்தத் தீவைப் பற்றி லவோன் சொல்லாமலா இருந்தாள்? போன ஞாயிறே சொன்னாள். "அது முதல்ல. அப்புறம் ஐரோப்பாவுக்கு அனுப்பியிருப்பாங்க. அவர் அதைப் பத்திப் பேசினதே இல்ல, பாத்தியா? நிஜமான வீரர்கள் பேச மாட்டாங்க, லவோன்" என்று பதில் வந்தது. பேசாததுதான் சாட்சி என்றால் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிகூட வீரர்தான் என்று சொல்ல வாயெடுத்து லவோன் அடக்கிக்கொண்டாள். எந்தச் சண்டையிலும் குடும்பத்தின் சந்தோஷத்தைக் கெடுக்கிறவள் என்ற பட்டம் அவளுக்குத்தான் வந்து சேரும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவள் அடுப்பிலிருந்து, இறைச்சியும் காயும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தை எடுத்தாள். மேலே அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு பொன்னிறமாக மொறுமொறுத்திருந்தது. சனிக்கிழமைகளில் மாமனாருக்கு அவள்தான் சாப்பாடு கொண்டு போவாள்.

"அவர்கிட்டயே கேட்டுடுறேன்," என்றாள்.

"கேளு," என்றான் டுவேன், பாத்திரம் கழுவும் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

*

செல்மர் சவரம் செய்திருந்தார்.

சாதாரண விஷயம்தான். ஆனால் மனைவி இங்கா போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் இறந்ததிலிருந்து அவர் சனிக்கிழமை சவரம் செய்து லவோன் பார்த்ததில்லை. சோளப்பொரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். தட்டுகூட எடுக்க மாட்டார். இன்று சட்டையில் தேய்த்த மடிப்பு இருந்தது. இங்காவின் நாற்காலியைச் சுவர் ஓரமாக, போனுக்குக் கீழே இழுத்துப் போட்டிருந்தார். காது மந்தமானவர்களுக்கென்று டுவேன் வாங்கி மாட்டிய போன் அது. மணி அடித்தால் தெருமுனை வரை கேட்கும். எதிர்முனையில் யார் பேசினாலும் சமையலறை முழுக்க ஒலிக்கும்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"இதுல பட்டாணி போட்டிருக்கியா?"

"போடல."

"அப்ப கேளு."

"நீங்க பெல்ஜியம் போயிருக்கீங்களா?"

செல்மர் கரண்டியால் ஓர் உருளைக்கிழங்கை நகர்த்திக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார். நிஜமாகவே பட்டாணி இல்லை. "மேப்புல பாத்திருக்கேன்."

"அந்தக் கையுறை?"

"எங்கம்மாவுக்குப் பின்னத் தெரியாது. ஒரு தடவை ஆரம்பிச்சா, அது பூனைக்குப் படுக்கையாச்சு." அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "பட்டாளத்துல சிவப்புக் கையுறை மாட்டிக்கிட்டு நடந்தா ஜெர்மன்காரன் சுட வேண்டியதே இல்ல. எங்க சார்ஜண்டே சுட்டிருப்பான்."

லவோனுக்கு ஒரு நொடி மூச்சு லேசானது. அப்பாடா, இந்தக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் மூளை இருக்கிறது. அடுத்த நொடியே எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அப்ப ஏன் மாமா இதை ஆர்டிஸ்கிட்ட சொல்லல? ஒரு மாசமா அவ ஊரையே ரெண்டாக்கிட்டா! டுவேன் மனப்பாடம் பண்ணாத குறை! ஒரு வார்த்தை, 'நான் இல்லம்மா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

அவர் இன்னொரு வாய் எடுத்து மென்றார். பேசத் தொடங்கியபோது தட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"இங்கா போனப்புறம் அவ எப்பப்ப போன் பண்ணினான்னு தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு. என் பிறந்தநாளுக்கு. 'அங்க எப்படி அப்பா?' 'குளிரு.' 'இங்க வெயிலு.' அவ்வளவுதான், வச்சிடுவா. அவளைக் குத்தம் சொல்லல. எனக்கும் அதுக்கு மேல பேசத் தெரியாது. எல்லாத்தையும் இங்காதான் பேசுவா."

"தெரியும் மாமா."

"இப்ப தினமும் பண்றா. 'அப்பா, அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க? பயமா இருந்துச்சா? ராத்திரி எங்க படுத்தீங்க? பட்டாளத்துல உங்க சிநேகிதன் பேரு என்ன?' அறுபது வருஷத்துல யாருமே என்னை அப்படிக் கேட்டதில்ல, லவோன். இங்காகூட."

"நீங்க என்ன பதில் சொல்றீங்க?"

"சிநேகிதன் பேரைச் சொன்னேன், ஆல்ஃப்னு. அது நிஜம். குளிருச்சுன்னேன். அதுவும் நிஜம்." கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கன்னு அவ கேக்கல. நானும் சொல்லல."

இரண்டு தாள்களையும் நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, அதை வெளியே எடுக்கக் கை வரவில்லை. சரி என்று விட்டுவிடவும் முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் யார்தான் எதையாவது நேராகச் செய்கிறார்கள்? மகள் பொய்யைப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கண்டுபிடிக்கிறாள். அப்பா வாயை மூடிக்கொண்டே மகளைப் பிடித்து வைத்திருக்கிறார். நடுவில் சரிபார்க்கிற பைத்தியம் ஒருத்தி.

"திங்கக்கிழமை உங்களை எழுப்பி நிக்க வைப்பாங்க, மாமா. கொடிக்கம்பத்துக்கிட்ட. அங்க படுத்திருக்கவங்க எல்லாருக்கும் முன்னாடி."

செல்மர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கல்லறைகளில் பாதிப் பேர் அவரோடு பள்ளிக்கூடம் போனவர்கள்.

"மூட்டு வலின்னு சொல்லிடலாம்னு இருந்தேன்," என்றார் மெதுவாக.

"நானே ஆர்டிஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுறேன். பக்குவமா சொல்றேன்."

"எப்படிப் பக்குவமா சொன்னாலும் அதோட போன் நின்னுடும்." அவர் குரலில் கோபம் இல்லை. நாளைக்கு மழை என்று சொல்வதைப் போலச் சொன்னார். "ரொட்டி சுட்டவன்கிட்ட என்னத்தைக் கேக்கப் போறா?"

போன் அடித்தது. அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

*

"அப்பா! உக்காருங்க! உக்காந்துட்டீங்களா?" ஆர்டிஸின் குரல் சமையலறையில் இடியாக இறங்கியது.

"உக்காந்துதான் இருக்கேன்."

"நீங்க நம்பவே மாட்டீங்க. அந்தப் பையன் கிடைச்சுட்டான்!"

"எந்தப் பையன்?"

"கையுறைப் பையன்! மெயிலுக்குக் கீழ என் நம்பரைப் போட்டிருந்தேன் இல்ல? அவரோட பேத்திக்கு அது போயிருக்கு. இப்ப எனக்குப் போன் பண்ணினார். இன்னொரு லைன்ல இருக்கார், அப்பா! இருங்க, உங்களோட சேத்து விடுறேன். நான் குறுக்க வர மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க."

'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

லவோன் அடுப்பருகே அசையாமல் நின்றாள். அவள் தேடிப் பார்த்ததில், இல்லவே இல்லாத ஆள் அவன். இல்லாத ஆள் எப்படிப் போன் பண்ணுவான்? ஏமாற்றுக்காரன். நிச்சயம் ஏமாற்றுக்காரன். வயதானவர்களிடம் வங்கி எண் கேட்கிறவன்.

"ஐயா?" வேறொரு குரல் வந்தது. வயதான, யோசித்து யோசித்து வரும் குரல். ஆங்கிலம் அதன் சொந்த மொழி இல்லை என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. "என் பேரு லியோன் மக்கே. விஸ்கான்சின்ல இருக்கேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அந்த மெயில்ல நிறைய தப்பு இருக்கு."

"அப்படியா?" என்றார் செல்மர், ஜாக்கிரதையாக.

"நான் டாக்டர் இல்ல. ஸ்கூல் பஸ் ஓட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க சர்ச்சுல ஒரு தடவை இந்த விஷயத்தைச் சொன்னேன். யாரோ எழுதி எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் எப்படியோ நான் டாக்டராயிட்டேன்."

செல்மரின் மீசை லேசாக அசைந்தது.

"கையுறை சிவப்பும் இல்ல. பட்டாளத்துப் பச்சை. ஒண்ணுல கட்டைவிரல் கருகியிருந்துச்சு. எனக்கு ரொம்பப் பெருசு. கையில நிக்காது. அதனால கால்ல மாட்டிக்கிட்டேன். எனக்கு ஷூ இல்ல."

லவோன் மெல்ல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருடமாக மற்றவர்களின் கதைகளைக் கேட்டு எழுதியிருக்கிறாள்! பொய் சொல்கிறவர்கள் கதைக்கு ஒவ்வொரு நகையாகப் பூட்டுவார்கள். இவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரைக் கழற்றினார். சிவப்பைக் கழற்றினார். கையுறையைக் கையிலிருந்தே கழற்றிக் காலில் மாட்டிவிட்டார். காலில் மாட்டிக்கொண்டேன் என்று யாரும் கற்பனை செய்து சொல்ல மாட்டார்கள்.

"இன்னொண்ணு," என்றது குரல். "அவர் ஒண்ணும் பேசாம போனார்னு எழுதியிருக்காங்க. அது சுத்தப் பொய். நிறையப் பேசினார். குனிஞ்சு உக்காந்து, என் மூஞ்சியைப் பாத்து, விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல. அப்ப எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. அது திட்டா, புத்திமதியா, அவர் வீட்டுப் பிள்ளையைப் பத்தியா, தெரியாது. அறுபது வருஷமா யோசிக்கிறேன். அது நீங்களா இருந்தா, நன்றி சொல்லணும். அப்புறம்... என்ன சொன்னீங்கன்னு கேக்கணும். அதுக்குத்தான் பண்ணினேன்."

யாருக்கு என்ன நஷ்டம் என்று ஊரே கேட்டதே, அந்த நஷ்டக்காரர் இதோ லைனில் இருக்கிறார் என்று லவோனுக்குத் தோன்றியது. செல்மர் 'வீட்டுக்குள்ள போ தம்பி, குளிருது'ன்னு சொன்னேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தக் கிழவர் அழுவார், நிம்மதியாகத் தூங்குவார். திங்கட்கிழமை ஊர் கை தட்டும். ஆர்டிஸ் தினமும் கூப்பிடுவாள். நிஜமாகவே கையுறை கொடுத்தவர் எங்கேயோ ஒரு கல்லறையிலோ ஒரு முதியோர் இல்லத்திலோ, தேட ஆளில்லாமல் கிடப்பார்.

செல்மர் வாயைத் திறந்தார். மூடினார்.

"நான் இல்லீங்க," என்றார்.

"ஓ," என்றது குரல்.

"எனக்கு நீங்க தேடுற ஆளா இருக்கணும்னு ஆசைதான். ஆனா நீங்க இவ்வளவு சரியா சொல்றப்ப நான் பொய் சொல்ல முடியாது. நான் அலாஸ்கா பக்கத்துத் தீவுல இருந்தேன். ரொட்டி சுட்டேன். எப்பப் பாத்தாலும் மூடுபனி. காத்துல கூடாரமே பறக்கும். ஜெர்மன்காரனை நான் கண்ணால கண்டதில்ல. எதிரின்னா எங்களுக்கு ஈரமாவுதான்."

எதிர்முனையில் ஒரு சின்னச் சிரிப்பு. ஏமாற்றமும் இருந்தது. "ஆனா உங்க பொண்ணு அவ்வளவு சந்தோஷமா..."

"அதான் விஷயம்," என்றார் செல்மர்.

அப்போதுதான் லவோனுக்கு உறைத்தது. ஆர்டிஸ் லைனைச் சேர்த்துவிட்டேன் என்றாளே தவிர, வைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை! செல்மருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய காலத்தில் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். 'டக்' என்ற சத்தம் கேட்டால் அவள் போய்விட்டாள் என்று அர்த்தம். லவோன் கரண்டியை ஆட்டினாள். வாயில் விரலை வைத்துக் காட்டினாள். போனைக் காட்டிக் காட்டி இரண்டு கையாலும் வேண்டாம் என்றாள்.

செல்மர் அவளைப் பார்த்து, சும்மா இரு என்று கையைக் காட்டினார்.

"என் பொண்ணுக்கு இது தெரியாது," என்றார் போனில். "அவ என்னை வேற யாரோன்னு நினைச்சிட்டிருக்கா. அந்த வேற ஆளுக்குத்தான் தினமும் போன் பண்றா. நான் எடுக்கிறேன். திங்கக்கிழமை நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னும் ரெண்டு நாளு. தெரிஞ்சா அவ போன் பண்ண மாட்டா."

லவோன் கரண்டியை இறக்கினாள்.

"அப்பா," என்றது போன். இந்தத் தடவை இடியாக இல்லை. அந்த அளவு சத்தம் கூட்டும் போனிலும் மெல்லியதாகத்தான் கேட்டது. "நான் லைன்லதான் இருக்கேன்."

செல்மரின் கை போனோடு அப்படியே நின்றது.

"ஆர்டிஸ்..."

லைன் அறுந்தது. வெறும் 'ங்ங்' என்ற நீண்ட ஓசை சமையலறையை நிரப்பியது. லவோன் போய் அவர் கையிலிருந்து போனை வாங்கி மாட்டும் வரை அது ஓயவில்லை.

*

அவள் ஆர்டிஸின் எண்ணைப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். விஸ்கான்சின்காரரையாவது பிடிக்கலாம் என்றால் அவருடைய எண் இவர்களிடம் இல்லை. ஆர்டிஸிடம்தான் இருக்கிறது. எல்லாமே ஆர்டிஸிடம்தான் இருக்கிறது.

ஒரு வாரமாக உண்மையைச் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவள் லவோன். சொல்லியாகிவிட்டது. வேண்டாத ஆள் காதில், வேண்டாத நேரத்தில், வேண்டாத விதத்தில் சொல்லியாகிவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"கூப்பிடாதே," என்றார் செல்மர். "லைனை விடு. அவ பண்ணினா எங்கேஜ்டா இருக்கும்."

லவோன் போனை மாட்டினாள். ஹாட்டிஷ் ஆறிப்போயிருந்தது.

"நாளைக்கு ப்ளேன் எப்ப?"

"மத்தியானம்."

"வருவாளா?"

"தெரியல, மாமா." பொய்யாகவாவது வருவாள் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஒரு நாளில் பொய் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் மேஜையைப் பிடித்து எழுந்து, அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து குனிந்தார். மூட்டு கடகடத்தது. இங்காவின் பெரிய பீங்கான் தொட்டியை இரண்டு கையாலும் இழுத்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு சிலந்தி இருந்தது. ஊதினார்.

"வீட்ல மாவு இருக்கா, லவோன்?"

"எதுக்கு?"

"பட்டாளத்துல என்ன சாப்பிட்டீங்கன்னு அவ கேட்டா இல்ல?"

போரிலிருந்து திரும்பிய பிறகு இந்த மனிதர் மாவைத் தொட்டதே இல்லை என்று இங்கா சொல்லி லவோன் கேட்டிருக்கிறாள். ரொட்டி வாசனை வந்தாலே தோட்டத்துக்குப் போய்விடுவாராம்.

செல்மர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் குழப்பம். "எழுநூறு பேருக்கு எப்படிப் போடணும்னு தெரியும். நாலு பேருக்கு எவ்வளவுன்னு தெரியாது."

நாலு பேர் என்றார். லவோன் எண்ணிப் பார்த்தாள். டுவேன், அவள், அவர். அப்புறம் ஒருத்தி.

இதையெல்லாம் யாராவது எழுதி மெயிலில் அனுப்பியிருந்தால், கிழவர், மாவு, செத்துப்போன மனைவியின் தொட்டி என்று பார்த்ததுமே அழித்திருப்பாள். பத்துப் பேருக்கு அல்ல, ஒருவருக்கும் அனுப்பியிருக்க மாட்டாள்.

"நான் போய் மாவு வாங்கிட்டு வரேன்," என்றாள் சிடுசிடுப்பாக. "ஈஸ்ட்டும் வாங்கிட்டு வரேன். சட்டையை மாத்துங்க. தேய்ச்ச சட்டையோட யாராவது மாவு பிசைவாங்களா?"

"போனை எடுக்கணும்," என்றார் அவர். "கையில மாவு ஒட்டியிருந்தா எப்படி எடுக்கிறது?"

"இன்னும் மாவே வரல, மாமா!"

வெளியே வந்தாள். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் திங்கட்கிழமைக்கான சின்னக் கொடிகள் நட்டிருந்தன. காற்று இல்லாததால் ஒன்றும் ஆடவில்லை. ஆர்டிஸ் மெயிலில் ஆடுகிற கொடி ஞாபகம் வந்தது. காரின் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்குள் போன் அடித்தது.

அந்தப் பாழாய்ப்போன போன். தெருமுனை நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. லவோன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். நாற்காலி போனுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் அவர் நாற்காலியில் இல்லை, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். சட்டை மாற்றப் போயிருந்தால் படுக்கையறையில் இருக்கிறார். அவள்தானே மாற்றச் சொன்னாள்! அந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு...

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

அவர் எடுத்ததால் நின்றதா, ஆர்டிஸ் வைத்ததால் நின்றதா என்பது கார் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.